ஆந்த்ரசைட் நிலக்கரியால் தண்ணீர் வடிகட்ட: முதல்முறை செய்கிறவர்களுக்கு

எங்கள் எட்டு வீட்டுக் குடியிருப்பின் பின்பக்கம், ஃபில்டர் கழுவிய தண்ணீர் வந்து விழும் இடத்தில் ஒரு கறிவேப்பிலைச் செடி நிற்கிறது. ஒருநாள் காலையில் அதன் அடியில் கறுப்பாக ஏதோ மின்னியது. குனிந்து ஒரு கை அள்ளினேன். கல்கண்டை உடைத்தது போலக் கூர்முனையோடு, பளபளவென்று கறுப்புக் குருணை. இரண்டு மாதத்துக்கு முன்னால் காசு கொடுத்து வாங்கித் தொட்டிக்குள் போட்ட ஆந்த்ரசைட் நிலக்கரி அது. திறந்து பார்த்தபோது பாதிக்கு மேல் காணோம்.

போட்டுக் கொடுத்தவர் தொட்டியைக் கழுத்துவரை நிரப்பியிருந்தார். நிறையப் போட்டால் நிறைய வடிகட்டும் என்பது அவர் கணக்கு. குருணை வெளியேறாமல் தடுக்கும் சல்லடையான ஸ்ட்ரெய்னரும் மேலே இல்லை. பேக்வாஷ், அதாவது கீழிருந்து மேலாகத் தண்ணீர் விட்டுக் கழுவுவது, போடும்போதெல்லாம் நிலக்கரி மேலே எழும்பி, இடமில்லாமல், வெளியே போய்க்கொண்டே இருந்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் நானே உட்கார்ந்து கற்றுக்கொண்டு, அடுத்த தடவை என் கையால் நிரப்பினேன். இப்போது ஒழுங்காக ஓடுகிறது. அந்த வேலையை முதல் நாளிலிருந்து எப்படிச் செய்வது என்றுதான் எழுதுகிறேன்.

ஏன் நிலக்கரி, மணல் போதாதா?

நிலக்கரி வகைகளில் கடினமானது ஆந்த்ரசைட். கரிமம் மிக அதிகம், எரியும் வாயுச் சத்து மிகக் குறைவு. கழுவிய பிறகு விரலில் தேய்த்தால் கறை ஒட்டாது. அமெரிக்காவின் பென்சில்வேனியா, வியட்நாமின் குவாங் நின் ஆகிய இடங்கள் இதற்குப் பெயர் போனவை. இந்தியாவில் ஜம்மு பகுதியில் கொஞ்சம் கிடைக்கிறது. வடிகட்ட நாம் வாங்குவது பெரும்பாலும் இறக்குமதிச் சரக்கு.

இதில் முக்கியமான விஷயம் எடை. மணலின் ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரைப்போல் எத்தனை மடங்கு கனம் என்பது, 2.65. ஆந்த்ரசைட்டுக்கு ஏறக்குறைய 1.6. தண்ணீருக்குள் இரண்டுமே தண்ணீரின் 1-ஐ இழந்துவிடும் என்பதால், உள்ளே மணல் 1.65 என்றால் நிலக்கரி 0.6 தான். அதாவது ஒரே அளவுக் குருணையில் மணல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு கனம். அரிசி அரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பாத்திரத்தைச் சாய்த்து ஆட்டும்போது கல் அடியில் தங்கும், அரிசி தண்ணீரோடு மேலே வரும். ஃபில்டருக்குள் நடப்பதும் அதுவேதான்.

வெறும் மணல் ஃபில்டரில் என்ன சிக்கல் என்றால், கீழிருந்து மேலாகத் தண்ணீர் விட்டுக் கழுவியதும் பொடி மணல் மேலேயும் பெரிய மணல் கீழேயும் போய் உட்காரும். அடுத்து அழுக்குத் தண்ணீர் மேலிருந்து வரும்போது முதலில் சந்திப்பது பொடி மணலைத்தான். அழுக்கு முழுவதும் மேலே சில சென்டிமீட்டரிலேயே சிக்கி, ஒரு தோல் மாதிரி மூடிவிடும். கீழே உள்ள மணலுக்கு வேலையே இருக்காது. சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

மணலுக்கு மேல், அதைவிட இரண்டு மடங்கு பெரிய குருணையாக ஆந்த்ரசைட் போட்டால் இந்த வரிசை தலைகீழாகும். பெரிய குருணை என்றாலும் லேசானது என்பதால், எத்தனை தடவை கழுவினாலும் அது மணலுக்கு மேலேயே வந்து அமரும். கறுப்பு அடுக்கில் ஏறக்குறைய பாதி இடம் வெற்றிடம். பெரிய அழுக்கு அங்கே ஆழம் முழுக்கப் பரவித் தங்கும். தப்பிப் போகும் நுண்ணிய துகளை அடியிலுள்ள மணல் பிடிக்கும். ஒரு கழுவலுக்கும் அடுத்த கழுவலுக்கும் நடுவே ஓடும் நேரம் நீளும். 1950களில் வாஷிங்டன் மாநிலத்தின் ஹான்ஃபோர்டு அணு உலை வளாகத்தில், கொலம்பியா ஆற்றுத் தண்ணீரைப் பெரிய அளவில் வடிகட்ட வேண்டியிருந்தபோது இந்த இரட்டை அடுக்கு முறை நன்றாகச் சோதிக்கப்பட்டு நிலைபெற்றது. இன்றைக்கு நகரத்துக் குடிநீர் ஆலைகளிலும், கடல்நீர் ஆலைகளில் ஆர்.ஓ. சவ்வுக்கு முந்தைய கட்டத்திலும் இது சாதாரணம்.

இது எதைச் செய்யாது

வாங்குவதற்கு முன்னாலேயே இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆந்த்ரசைட் கலங்கலை எடுக்கும். மிதக்கும் துகள், சேறு, துரு, படிகாரம் போட்டுத் திரண்ட பஞ்சு, இவை அதன் வேலை. உப்பு, கடினத்தன்மை, ஃபுளோரைடு, நைட்ரேட் எதையும் தொடாது. கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் உள்ளே போன எண்ணே வெளியேயும் காட்டும், அது ஃபில்டரின் குறை இல்லை. கிருமிகளை முழுசாக நிறுத்தாது. குடிக்கிற தண்ணீருக்குக் குளோரினோ கொதிக்க வைப்பதோ தனியாக வேண்டும்.

குளோரின் வாசனையையும் எடுக்காது. கரி என்றதும் பலரும் இதை ஆக்டிவேட்டட் கார்பனோடு குழப்பிக்கொள்கிறார்கள். தேங்காய்ச் சிரட்டையில் செய்யும் அந்தக் கார்பனுக்குள் எண்ணற்ற நுண்துளை உண்டு, வாசனையையும் குளோரினையும் உறிஞ்சும், சில காலத்தில் தீர்ந்துபோகும். ஆந்த்ரசைட் உறிஞ்சாது, இடுக்கில் பிடித்து வைக்கும். அதனால் தீர்ந்துபோகாது. ஒழுங்காகக் கழுவினால் பல வருஷம் வரும்.

நெய்வேலியில் நிலக்கரி இருக்கிறதே, அதை உடைத்துப் போடலாமா என்று கேட்டவர்களும் உண்டு. கூடாது. அது பழுப்பு நிலக்கரி. தோண்டும்போதே எடையில் பாதியளவு ஈரம் இருக்கும், காய்ந்தால் பொடியும், தண்ணீரைப் பழுப்பாக்கும். அடுப்புக்கரி, கொல்லுப்பட்டறைக் கரி எதுவும் ஆகாது. வடிகட்டுவதற்கென்றே சலித்து, கழுவி விற்கும் சரக்கு மட்டும்.

முதல் வேலை: தண்ணீரைப் பார்ப்பது

ஒரு கண்ணாடிப் பாட்டிலில் போர்வெல் தண்ணீரைப் பிடித்து மூடாமல் வையுங்கள். பிடிக்கும்போது தெளிவாக இருந்து, சில மணி நேரத்தில் மஞ்சளாகி அடியில் செம்மண் போலப் படிந்தால் இரும்பு கரைந்த நிலையில் இருக்கிறது. கரைந்த இரும்பை ஆந்த்ரசைட் பிடிக்காது. முதலில் காற்றுப் படவிட்டு, அதாவது ஷவர் மாதிரி சம்புக்குள் சிதறி விழவிட்டு, அல்லது கொஞ்சம் குளோரின் சேர்த்து, துருவாகத் திரள வைக்க வேண்டும். திரண்ட பிறகு கறுப்பு அடுக்கு அதை அழகாகத் தாங்கிக்கொள்ளும்.

மழைக்காலத்து லாரித் தண்ணீரின் கலங்கல் வேறு மாதிரி. நாள் கணக்காக வைத்தாலும் தெளியாது. அதிலிருக்கும் களிமண் துகள் ஒன்றிரண்டு மைக்ரான்தான். குருணைகளுக்கு இடையே உள்ள சந்து அதைப்போல நூறு மடங்குக்கும் மேல் பெரிது. அப்படியே விட்டால் வழுக்கிக்கொண்டு போய்விடும். அதைத் திரட்டப் படிகாரம் வேண்டும். நம் வீடுகளில் தேத்தாங்கொட்டையைப் பானையின் உள்புறம் உரைத்துக் கலங்கல் தெளியவைத்த அதே வேலை.

அளவு கண்டுபிடிக்க: 10 கிராம் படிகாரத்தை 1 லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். இதில் 1 மில்லியில் 10 மில்லிகிராம் இருக்கும். ஐந்து பாட்டிலில் தலா ஒரு லிட்டர் கலங்கல் தண்ணீர் எடுத்து, கரைசலை 1, 2, 3, 4, 5 மில்லி என்று விடுங்கள். ஒரு நிமிடம் வேகமாகவும் பதினைந்து நிமிடம் மெதுவாகவும் கலக்கிவிட்டு அரைமணி நேரம் வையுங்கள். எது குறைந்த அளவில் தெளிந்ததோ அதுவே உங்கள் அளவு. 3 மில்லியில் தெளிந்தால் லிட்டருக்கு 30 மில்லிகிராம், 5,000 லிட்டர் சம்புக்கு 150 கிராம். அதிகம் போட்டால் இன்னும் தெளியும் என்று நினைக்காதீர்கள். மிஞ்சிய படிகாரம் ஃபில்டருக்குள் பிசுபிசுத்து, குருணைகளை ஒட்டிச் சேற்று உருண்டையாக்கிவிடும்.

இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 கலங்கலுக்கு 1 என்.டி.யு. (கலங்கலை அளக்கும் அலகு) என்கிறது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 5 வரை பொறுக்கும். பக்கத்தில் சோதனைக்கூடம் இருந்தால் ஃபில்டருக்கு முன்னும் பின்னும் ஒருமுறை அளந்து வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது: பம்பை அளப்பது

மீடியா, அதாவது உள்ளே போடும் மணலும் நிலக்கரியும், வாங்கும் முன் இதைச் செய்யுங்கள். நான் பார்த்த கெட்டுப்போன ஃபில்டர்களில் அநேகமாக எல்லாமே இந்த இடத்தில்தான் தவறியிருந்தன.

கணக்குக்கு எங்கள் தொட்டியையே எடுத்துக்கொள்கிறேன். கடையில் 13-54 என்று கேட்டால் கிடைக்கும் எஃப்.ஆர்.பி. வெசல், அதாவது கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக் தொட்டி. 13 அங்குல விட்டம், 54 அங்குல உயரம். குறுக்குப் பரப்பு 0.085 சதுர மீட்டர். வடிகட்டும்போது தண்ணீர் மணிக்கு 12 மீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது, 10 இருந்தால் இன்னும் நல்லது. 12 என்று வைத்தால் மணிக்கு சுமார் 1,000 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 17. ஆனால் கழுவும்போது மணலும் நிலக்கரியும் சேர்ந்த படுக்கையையே தூக்க வேண்டும். ஆந்த்ரசைட்டுக்கு மணிக்கு 30 முதல் 44 மீட்டர் வேகம் சொல்வார்கள். நம் ஊர்த் தண்ணீர் 30 டிகிரிச் சூட்டில் இருப்பதால் குளிர்நாட்டுத் தண்ணீரைவிட இளக்கம், தூக்கும் சக்தி குறைவு. அதனால் 40க்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். அது நிமிடத்துக்கு 57 லிட்டர்.

இதை வாளிக் கணக்கில் சொன்னால் மறக்காது. 20 லிட்டர் வாளி, வடிகட்டும்போது நிறைய 70 வினாடி ஆக வேண்டும். கழுவும்போது 21 வினாடியில் நிறைய வேண்டும்.

ஒரே மோட்டார் இந்த இரண்டையும் செய்ய வேண்டியிருக்கிறது. பெரும்பாலான வீடுகளில் சம்பிலிருந்து மாடித் தொட்டிக்கு ஏற்றும் மோட்டாரையே நேராக ஃபில்டரில் கோத்துவிடுகிறார்கள். அது முழு வேகத்தில் வடிகட்டும், அதாவது மூன்று மடங்கு அதிக வேகத்தில். அழுக்கு நிற்காமல் உள்ளே புகுந்து வெளியேயும் வந்துவிடும். சிலர் இதைச் சரிசெய்யச் சின்ன மோட்டார் போடுவார்கள். வடிகட்டுவது நன்றாகிவிடும், கழுவுவது நின்றுவிடும். கழுவப்படாத ஃபில்டர் நாலைந்து மாதத்தில் சேறாகிக் கிடக்கும்.

சரியான வழி: 57 லிட்டர் தரக்கூடிய மோட்டாரை வைத்துக்கொண்டு, ஃபில்டருக்கு முன்னால் ஒரு பைபாஸ் குழாய் எடுத்து மிச்சத் தண்ணீரைச் சம்புக்கே திருப்புவது. வடிகட்டும்போது பைபாஸ் திறந்திருக்கும். கழுவும்போது மூடிவிட வேண்டும். வால்வுக் கைப்பிடியில் பெயின்ட் மார்க்கரால் இரண்டு கோடு போட்டுவிட்டால் வாட்ச்மேன்கூடச் சரியாகத் திருப்புவார்.

மோட்டார் அந்த அளவு தரவில்லை என்றால் சின்ன வெசல் வாங்குங்கள். 10-54 என்றால் கழுவ நிமிடத்துக்கு 34 லிட்டர் போதும், வடிகட்டுவது 10. பெரிய வெசலை வாங்கிக் கழுவ முடியாமல் வைத்திருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

மூன்றாவது: சரக்கு வாங்குவது

கடைக்காரரிடம் இரண்டு எண் கேளுங்கள். ஒன்று எஃபெக்டிவ் சைஸ். எடையில் 10 சதவீதம் எந்த அளவுச் சல்லடைக்குக் கீழே விழுகிறதோ அந்த அளவு. இன்னொன்று யூனிஃபார்மிட்டி கோஎஃபிஷியன்ட். 60 சதவீதம் விழும் அளவை முதல் எண்ணால் வகுத்தது, குருணைகள் எவ்வளவு ஒரே சீராக இருக்கின்றன என்று சொல்லும். மணல் 0.45 முதல் 0.55 மி.மீ. என்றால் ஆந்த்ரசைட் 0.9 முதல் 1.1 மி.மீ. எடுங்கள். இரண்டாவது எண் 1.7க்கு மேல் போகக் கூடாது, 1.5க்குள் கிடைத்தால் விடாதீர்கள். ஆய்வு அறிக்கை இருந்தால் அமிலத்தில் கரைவது 5 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள். குடிநீருக்கு என்பதால் என்.எஸ்.எஃப். 61 சான்று உள்ள சரக்கு கிடைத்தால் கூடுதல் நிம்மதி.

அறிக்கை இல்லாவிட்டாலும் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் போதும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் இரண்டு பிடி மணல், இரண்டு பிடி ஆந்த்ரசைட், முக்கால் பாகம் தண்ணீர். மூடி, தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்கி, மேசைமேல் நிமிர்த்தி வையுங்கள். மணல் மூன்று நான்கு வினாடியில் அடியில் இறங்கி நிற்கும். கறுப்பு அதன்மேல் மெதுவாக, மழை ஓய்ந்தபின் இலை விழுவது போல வந்து படியும். இரண்டும் சேரும் இடத்தில் ஒரு விரல் அகலத்துக்குக் கலந்திருக்கும், அது இருக்க வேண்டியதுதான். கத்தி வைத்து வெட்டியது போலப் பிரிந்து நின்றால், சந்திப்பில் அழுக்கு அடைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. மாறாக, கறுப்புக் கட்டிகள் மணலுக்குள் ஆழப் புதைந்திருந்தால் குருணை பெரிது, மாற்றிக் கேளுங்கள். தண்ணீரின் மேல்பரப்பில் கறுப்புத் தூள் ஏடாக மிதந்துகொண்டே நின்றால் சலிக்காத சரக்கு.

ஆக்டிவேட்டட் கார்பனை ஆந்த்ரசைட் என்று கொடுத்துவிட்டார்களா என்று சந்தேகம் வந்தால் ஒரு பிடியைத் தம்ளர் தண்ணீரில் போடுங்கள். கார்பன் என்றால் சிஸ்ஸென்று குமிழி விட்டுக்கொண்டே இருக்கும். ஆந்த்ரசைட் சத்தமில்லாமல் மூழ்கும்.

எவ்வளவு வாங்குவது? 13-54 தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு 0.85 லிட்டர் பிடிக்கும். 25 செ.மீ. மணலுக்கு 21 லிட்டர், லிட்டருக்கு 1.6 கிலோ வீதம் 34 கிலோ. 45 செ.மீ. ஆந்த்ரசைட்டுக்கு 38 லிட்டர், லிட்டருக்கு 0.8 கிலோ வீதம் 31 கிலோ. கழுவும்போது தூள் போகும் என்பதால் ஆந்த்ரசைட்டை 35 கிலோவாக வாங்குங்கள். அடியில் கூழாங்கல் 15 முதல் 20 கிலோ. மூட்டையை எடை பார்த்து வாங்கினாலும் தொட்டிக்குள் போடும்போது உயரத்தை மட்டும் நம்புங்கள். கழுத்துவரை நிரப்பிவிடுவது எடையை நம்பித்தான் நடக்கிறது.

நான்காவது: கழுவி நிரப்புவது

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாக ஒதுக்குங்கள். ஆந்த்ரசைட் மூட்டையைப் பிரிக்கும்போது மூக்கில் துணியோ மாஸ்க்கோ கட்டிக்கொள்ளுங்கள், அந்தத் தூள் தொண்டைக்கு ஆகாது. ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பில் கால் பங்கு போட்டு, ஹோஸ் பைப்பை அடியில் விட்டு, கையால் கிளறிக்கொண்டே வழியவிடுங்கள். முதல் தண்ணீர் மை மாதிரி வரும். பயப்படாதீர்கள். ஐந்தாறு தடவை வழிந்த பிறகு சாம்பல் நிறமாகி, பிறகு தெளியும். கடைசியில் கையை விட்டு அள்ளினால் கூர்மையான, குளிர்ந்த கண்ணாடித் துண்டுகள் போல இருக்கும். கையில் கறுப்பு ஒட்டக் கூடாது.

தொட்டியை அதன் நிரந்தர இடத்தில் நிறுத்திவிட்டு நிரப்புங்கள், நிரப்பியபின் நகர்த்த முடியாது. நடுக்குழாயை, அதாவது அடியில் ஸ்ட்ரெய்னர் உள்ள ரைசர் பைப்பை, நேராக நிறுத்தி அதன் வாயை டேப்பால் நன்றாக மூடுங்கள். ஒரு குருணைகூட உள்ளே விழக் கூடாது. விழுந்தால் அது மாடித் தொட்டிக்குப் போகும், குழாயில் வரும், வால்வின் கேஸ்கெட்டைக் கீறும். தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றுங்கள். மேலிருந்து விழும் கூழாங்கல் ஸ்ட்ரெய்னரை உடைக்காமல் இந்தத் தண்ணீர் மெத்தையாக இருக்கும்.

கழுத்து இரண்டரை அங்குலம்தான், நடுவில் குழாய் வேறு இருக்கிறது. வாய் அகன்ற புனல் ஒன்று வேண்டும். தண்ணீர் கேனின் மேல்பாதியை வெட்டினாலே போதும். முதலில் 6 முதல் 12 மி.மீ. கூழாங்கல், ஸ்ட்ரெய்னர் மூடும் வரை. அதன்மேல் 3 முதல் 6 மி.மீ., அதன்மேல் 2 மி.மீ. அளவில் பொடிக்கல். மொத்தம் 15 செ.மீ. இந்தப் படிகளைத் தாண்டி நேராக மணலைப் போட்டால் மணல் கல்லுக்குள் இறங்கி ஸ்ட்ரெய்னரை அடைக்கும். ஒவ்வொரு அடுக்குக்கும் தொட்டியின் பக்கத்தை ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டிச் சமமாக்குங்கள்.

அப்புறம் மணல் 25 செ.மீ. இங்கே நிறுத்தி, தண்ணீர் போகும் திசையை மாற்றும் மல்டிபோர்ட் வால்வைத் தொட்டியின் வாயில் மாட்டி, மணலை மட்டும் ஒரு பேக்வாஷ் செய்யுங்கள். மணலில் உள்ள பொடி வெளியே போய்விடும். இந்த வேலையைத் தவிர்த்தால் அந்தப் பொடி பிற்பாடு மணலுக்கும் நிலக்கரிக்கும் நடுவே ஒரு களிமண் தகடு போல நிற்கும். வால்வைக் கழற்றி, அடுத்து ஆந்த்ரசைட் 45 செ.மீ. போடுங்கள். மேலே காலியாக விடும் இடம் மீடியா உயரத்தில் பாதியாவது இருக்க வேண்டும். 70 செ.மீ. மீடியாவுக்கு 35. 54 அங்குலம் என்பது 137 செ.மீ., கூழாங்கல் போக, மேல் வளைவைக் கழித்தாலும் 40க்கு மேல் மிஞ்சும். அது வீணான இடமில்லை. கழுவும்போது படுக்கை 20 முதல் 40 சதவீதம் உப்பும், அதற்கான இடம்.

தண்ணீர் நிரப்பி அன்றிரவு அப்படியே விட்டுவிடுங்கள். காய்ந்த குருணையின் மேல் காற்று ஒட்டிக்கொண்டிருக்கும். ஊறாமல் கழுவினால் காற்றோடு சேர்ந்து நல்ல குருணையும் மிதந்து வெளியேறும். முதல் தடவை நாங்கள் அவசரப்பட்டது இதில்தான்.

மறுநாள் மேல் ஸ்ட்ரெய்னரை மாட்டி, வால்வைப் பொருத்தி, பேக்வாஷ் நிலையில் வைத்துத் தண்ணீரை மெதுவாகத் திறங்கள். அரை நிமிடம் எடுத்துக்கொண்டு முழு வேகத்துக்கு வாருங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் தெளியும். பிறகு மேல் ஸ்ட்ரெய்னரைக் கழற்றிப் பாருங்கள், முதல் கழுவலில் அதில் தூள் அடைத்திருக்கும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துத் திரும்ப மாட்டுங்கள்.

வீட்டு உபயோகத்துக்கு முன் கிருமிநீக்கம். தொட்டியில் தோராயமாக 100 லிட்டர் என்று கொண்டு, 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் 50 மில்லியைத் தண்ணீரில் கலந்து உள்ளே செலுத்துங்கள், லிட்டருக்கு 25 மில்லிகிராம் ஆகும். 12 மணி நேரம் வைத்து, வாசனை போகும்வரை வெளியே ஓடவிடுங்கள். ஆக்டிவேட்டட் கார்பனில் இப்படிச் செய்தால் கார்பனே குளோரினைத் தின்றுவிடும். ஆந்த்ரசைட்டில் அந்தத் தொல்லை இல்லை.

ஓட்டுவது, கழுவுவது

ஃபில்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு அழுத்தமானி வையுங்கள். சுத்தமான படுக்கையில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதைவிட 0.5 பார் கூடினால் கழுவும் நேரம். கூடவில்லை என்றாலும் மூன்று நாளுக்கு ஒருமுறை கழுவிவிடுங்கள், நம் வெயிலில் உள்ளே அழுக்கு தங்கினால் நாற்றம் எடுக்கும்.

கழுவும் வரிசை: மோட்டாரை நிறுத்தி விட்டுத்தான் மல்டிபோர்ட் கைப்பிடியைத் திருப்ப வேண்டும். ஓடும்போது திருப்பினால் கேஸ்கெட் கிழியும். பேக்வாஷில் வைத்து, பைபாஸை மெதுவாக மூடி வேகம் ஏற்றுங்கள். வால்விலுள்ள கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் தெளியும்வரை, வழக்கமாகப் பத்து நிமிடம். இதற்கு 570 லிட்டர் செலவாகும். அதைச் செடிக்கோ தரை கழுவும் தொட்டிக்கோ திருப்பலாம். முடிக்கும்போதும் மெதுவாகக் குறையுங்கள். சட்டென்று நிறுத்தினால் மணலும் நிலக்கரியும் கலந்தபடியே விழும், மெதுவாகக் குறைத்தால் இரண்டும் தத்தம் இடத்துக்குப் போக நேரம் கிடைக்கும். பிறகு ரின்ஸ் நிலையில் நான்கைந்து நிமிடம் வெளியே விடுங்கள். கழுவியதும் வரும் முதல் தண்ணீர் எப்போதும் கொஞ்சம் கலங்கல்தான், அது மாடித் தொட்டிக்குப் போக வேண்டாம்.

மாதம் ஒருமுறை பேக்வாஷ் தண்ணீரை ஒரு வெள்ளை வாளியில் பிடித்துப் பாருங்கள். அடியில் மாவு போலக் கறுப்புத் தூள் கொஞ்சம் படிந்தால் கவலை இல்லை. கடுகு அளவு குருணை இருந்தால் நிலக்கரி போய்க்கொண்டிருக்கிறது. வேகம் அதிகமா, மேல் ஸ்ட்ரெய்னர் உடைந்ததா, நிரப்பிய உயரம் அதிகமா என்று அந்த வரிசையில் பாருங்கள். மாறாக, குருணை மாடித் தொட்டியில் கிடந்தால் கோளாறு அடி ஸ்ட்ரெய்னரிலோ ரைசர் பைப்பிலோ. உடனே நிறுத்திவிடுங்கள்.

கழுவிய அன்றே அழுத்த வித்தியாசம் மறுபடி ஏறுகிறதென்றால் உள்ளே சேற்று உருண்டை திரண்டிருக்கலாம். ஒருமுறை பக்கத்துத் தெருவில் ஒரு தொட்டியைத் திறந்தபோது எலுமிச்சம்பழ அளவில் வந்தது. பிட்டுப் பார்த்தால் நடுவில் நிலக்கரி, சுற்றிலும் படிகாரக் களிம்பு. அந்த நிலைக்கு வந்துவிட்டால் மருந்து ஊற்றிப் பயனில்லை. மீடியாவை வெளியே எடுத்து, உருண்டைகளைப் பொறுக்கிவிட்டு, டப்பில் கழுவித் திரும்ப நிரப்ப வேண்டும். அதே மோட்டாரும் அதே படிகார அளவும் இருந்தால் மறுபடியும் அதுவேதான் வரும், அவற்றை முதலில் சரிசெய்யுங்கள்.

ஒவ்வொரு கழுவலிலும் குருணைகள் ஒன்றோடொன்று உரசிக் கொஞ்சம் தேயும். ஆந்த்ரசைட் மணலைவிட மென்மை, மோஸ் அளவுகோலில் மணல் 7 என்றால் இது 3க்குச் சற்று மேல். அதனால் வருஷம் ஒருமுறை வால்வைக் கழற்றி, சுத்தமான பி.வி.சி. குழாய்த் துண்டு ஒன்றை இறக்கி, கழுத்து விளிம்பிலிருந்து கறுப்பு வரை உள்ள தூரத்தை அளவெடுங்கள். 5 செ.மீ. இறங்கியிருந்தால் அதே அளவுக் குருணையில் நான்கு லிட்டரைக் கழுவி ஊறவைத்துச் சேர்த்துவிடலாம். எங்கள் தொட்டியின் வெளிப்பக்கத்தில் நிரப்பிய தேதி, மணல் உயரம், கறுப்பு உயரம், விளிம்பிலிருந்து தூரம், அதன் கீழே வாளிக் கணக்கு 70, 21 என்று பெயின்ட் மார்க்கரால் எழுதியிருக்கிறது. கறிவேப்பிலைச் செடியின் அடியை இப்போதும் வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.